லொறிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்



வருட இறுதி வந்தால் ஆசிரியர் ஓய்வறையில் இரண்டு பேச்சுத்தான். ஒன்று, இடமாற்றப் பட்டியலில் யாருடைய பெயர். மற்றது, சாமான் ஏற்ற யாருடைய லொறி. இரண்டாவது பேச்சு எப்போதும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: "எவ்வளவு கேட்கிறான்?"

என்னைக் கேட்டால், அதைக் கடைசியாகக் கேட்க வேண்டும். அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. சாமானைத் தூக்கப் போவது யார்? உடைந்தால் பொறுப்பு யார்?

கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறைப் பக்கம் நமக்கு வீடு மாறிப் பழக்கம் குறைவு. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் ஊர்கள் இவை. மாப்பிள்ளைதான் மாறுவார், அதுவும் ஒரு சூட்கேசோடு. தொழிலுக்காகக் குடும்பத்தோடு கண்டிக்கோ கொழும்புக்கோ போகும்போதுதான் ஒரு முழு வீட்டைத் தூக்குவது என்றால் என்னவென்று தெரிய வருகிறது. அதனால்தான் தெரிவிலும் தடுமாறுகிறோம்.

நம் முன்னால் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

1. பட்டா. ஊருக்குள்ளே, வாடகை வீட்டிலிருந்து அடுத்த தெருவுக்கு மாற இதைவிட நல்லது இல்லை. ஒடுங்கிய ஒழுங்கைக்குள்ளும் போகும். ஆனால் அது முக்கால் தொன் அளவில் ஏற்றுவதற்குச் செய்த சிறிய வாகனம். ஒரு வீட்டுச் சாமானை மலைபோல் அடுக்கி, கயிற்றால் இறுக்கி, மஹியங்கனைக்கு அப்பால் 18 வளைவில் ஏற்றுவது சிக்கனம் இல்லை, விபத்துக்கு அழைப்பு. மூன்று நடை ஓட வேண்டி வந்தால் மலிவும் இல்லை.

2. லொறி ஹயர். 10.5 அடி, 14.5 அடி என்று பேசுவார்கள். இரண்டு அறை வீட்டுக்கு எது போதும் என்பது உங்கள் அலுமாரியையும் கட்டிலையும் பொறுத்தது. வந்து சாமானைப் பார்த்துவிட்டு அளவு சொல்கிறவரை நம்பலாம். போனிலேயே "எல்லாம் போகும் சேர்" என்கிறவரிடம் கவனம். ஹயர் என்றால் வாகனமும் டிரைவரும் மட்டும்தான். ஏற்றி இறக்குவது அதில் சேராது. டிரைவர் கை கொடுத்தால் அது அவருடைய நல்ல மனம்.

3. ரிட்டர்ன் ஹயர். அரிசி இறக்கிவிட்டுக் கொழும்பிலிருந்து வெறுமையாகத் திரும்பும் லொறியைப் பிடித்தால் காசு நன்றாகக் குறையும். ஊருக்குத் திரும்பி வருகிறவர்களுக்கு நல்ல வழி. ஆனால் நேரம் உங்கள் கையில் இல்லை, வேறு ஆட்களின் சாமானும் கூட வரலாம். கடைசியாக என்ன ஏற்றினீர்கள் என்று கேளுங்கள். மீனோ சீமெந்தோ ஏற்றிய லொறியில் மெத்தை ஏற்றினால் அந்த மணமும் தூசியும் வருடக்கணக்கில் உங்களோடு படுக்கும்.

4. பொதி செய்து, ஏற்றி, இறக்கி, கட்டிலை மறுபடி பூட்டியும் தரும் கம்பனிகள். காசு கூட. வயதான உம்மா, வாப்பா, கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு, மாடி வீட்டுக்கு, 300 கிலோமீற்றர் தாண்டிப் போகிறவர்களுக்கு அந்தக் காசு வீண் இல்லை. ஆனால் "இன்சூரன்ஸ் இருக்கு" என்ற வாய்ச்சொல் போதாது. வாகனத்தின் காப்புறுதி சாதாரணமாக வாகனத்துக்குத்தான், உள்ளே இருக்கும் பிரிட்ஜுக்கு அல்ல. சாமானுக்குத் தனிக் காப்புறுதி உண்டா, எவ்வளவு வரை என்று எழுத்தில் வாங்குங்கள்.

இனி, நாம் பேசத் தயங்கும் ஐந்தாவது வழி ஒன்றும் இருக்கிறது. இலவசக் கைகள்.

ஆசிரியர் வீடு மாறுகிறார் என்றால் உயர்தர வகுப்புப் பொடியன்மார் பத்துப் பேர் வந்து நிற்பது நம் ஊர்களில் புதினமில்லை. அன்பினால்தான் வருகிறார்கள். பிள்ளைகள் புத்தகப் பெட்டி தூக்கட்டும், சட்டி பானை எடுக்கட்டும். ஆனால் தேக்கு அலுமாரியை மாடிப்படியில் இறக்குவது தொழில் தெரிந்தவன் வேலை. ஒரு பிள்ளையின் விரல் நசுங்கினால், முதுகு பிடித்தால், அந்தத் தாய்க்கு நாம் என்ன பதில் சொல்வது? "வேண்டாம் சேர்" என்று அந்தப் பிள்ளையால் நம்மிடம் சொல்லவும் முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் கேட்பது உதவி ஆகாது. இது ஆசிரியர்களுக்கு மட்டும் இல்லை. கடையில் நிற்கும் பையனை வீட்டுச் சாமான் தூக்க அனுப்பும் முதலாளிமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சந்தையில் நாட்டாமிமார் இருக்கிறார்கள். பாரம் தூக்குவது அவர்களுடைய தொழில். எந்த மூலையைப் பிடித்தால் அலுமாரி சாயாது என்று அவர்களுக்குத் தெரியும். மூன்று பேரைக் கூலி பேசிக் கூட்டிவந்தால் அரை நாளில் வேலை முடியும், மூன்று வீட்டில் அடுப்பும் எரியும். கூலியை முன்கூட்டியே பேசி, வேலை முடிந்த கையோடு கொடுங்கள். உழைத்தவனின் வியர்வை காயுமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. லொறிக்காரரோடு பேரம் பேசி மிச்சம் பிடித்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்த மிச்சம் பல வேளை வருவது இவர்களுடைய கூலியிலிருந்துதான்.

எந்த வழியை எடுத்தாலும் இவற்றைப் பேசி, ஒரு வட்ஸ்அப் செய்தியாகவாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மொத்தக் காசு, எத்தனை பேர் தூக்க வருவார்கள், அவர்களின் சாப்பாடு யார் பொறுப்பு, காத்திருந்தால் மேலதிகக் காசா, வீட்டு வாசல் வரையா தெருமுனை வரையா. எங்களோடு படிப்பித்த ஒரு டீச்சரின் குடும்பம் மலைநாட்டுக்கு மாறியபோது, அந்த ஒழுங்கைக்குள் பெரிய லொறி திரும்பவில்லை. இருட்டில் எல்லாவற்றையும் தெருவில் இறக்கி, ஒரு பட்டா தேடிப் பிடித்து, மறுபடி ஏற்றினார்கள். யாருடைய செலவு என்பதில் வாக்குவாதம். போகும் இடத்துப் பாதையை ஒருவர் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தால் போதும்.

நம் பக்கம் மழையும் இடமாற்றமும் ஒரே காலத்தில்தான் வரும். தறப்பாள் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், ஓட்டை இருக்கிறதா என்றும் கண்ணால் பாருங்கள்.

ஆளைத் தெரிய ஒரு சின்னக் கேள்வி போதும். "பிரிட்ஜை எப்படி ஏற்றுவீர்கள்?" நிமிர்த்திக் கட்டுவேன் என்கிறவருக்குத் தொழில் தெரியும். படுக்கப் போட்டால் இடம் மிச்சம் என்கிறவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு அடுத்தவரைத் தேடுங்கள்.

இதெல்லாம் திருப்தியான பிறகு கேளுங்கள், எவ்வளவு என்று.