தீவுக்குப் போனவர்கள் சும்மா இருக்கவில்லை

"அமைதியான படம், மனசுக்கு இதமா இருந்துச்சு." நோர்டிக் நாடுகளிலிருந்து எந்தப் படம் வந்தாலும் நம் ஆட்கள் எழுதுவது இந்த ஒரே வரியைத்தான். 'ஹாரு: தனியர்களின் தீவு' (1998) என்ற ஆவணப்படத்துக்கும் அதே சான்றிதழ் கொடுத்தால் எனக்குக் கொஞ்சம் எரிகிறது.

ஃபின்லாந்து வளைகுடாவில் க்ளோவ்ஹாரு என்றொரு குட்டிப் பாறைத்தீவு. மூமின் கதைகளைப் படைத்த தூவே யான்சனும் அவருடைய வாழ்க்கைத்துணை, ஓவியர் தூலிக்கி பியெத்திலாவும் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தங்கள் கோடைகளை அங்கே கழித்தார்கள். தூலிக்கி 8 மி.மீ. கேமராவில் எடுத்து வைத்த துண்டுகளைக் கொண்டுதான் கானெர்வா செடர்ஸ்ட்ரோமும் ரீக்கா டான்னரும் படத்தைத் தொகுத்தார்கள். வீட்டுப்படம் மாதிரிதான் இருக்கும். பெரிதாக எதுவும் நடக்காது.

நடக்காதா? ஒரே அறை, நாலு பக்கமும் ஜன்னல். மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. 1964இல் கட்டட அனுமதி கைக்கு வரும் முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். பாறையை வெடி வைத்து உடைத்திருக்கிறார்கள். விறகு, வலை, படகு என்று வேலை ஓயாது. இதைத் தியானம் என்கிறவர்கள் ஒரு நாளாவது படகை இழுத்துக் கரையேற்றிப் பார்க்கட்டும்.

"காசு இருந்தது, போனாங்க" என்பீர்கள். சரி, மூமின் அவருக்குப் பணம் கொடுத்தது, மறுக்கவில்லை. அதே மூமின்தான் ஓவியம் வரைய நேரமில்லாமலும் செய்தது. லண்டன் நாளிதழ் ஒன்றுக்கு 1954 முதல் வரைந்த படக்கதையை 1959இல் கைவிட்டார்.

ஆனால் யாரும் பேசாத விஷயம் வேறு. ஃபின்லாந்தில் தன்பாலுறவு 1971 வரை குற்றம். அதன்பின் 1981 வரை நோய்ப்பட்டியலில் இருந்தது. ஹெல்சின்கியில் இருவருக்கும் தனித்தனி ஸ்டூடியோ. நடுவில் பரண் வழியாக ஒரு நடைபாதை. தீவில்தான் ஒரே அறை. இது தெரிந்த பிறகு, ஒருத்தியை இன்னொருத்தி படம்பிடிக்கும் அந்த ஆடுகிற சட்டகங்களை 'இதம்' என்று எப்படிங்க சொல்வது? சட்டம் குற்றவாளி என்று சொன்ன காலத்திலேயே கட்டிய வீடு அது.

1991இல், 77 வயதில், தனக்குக் கடலைக் கண்டு பயம் வரத் தொடங்கியதாகத் தூவே எழுதியிருக்கிறார். அந்த இலையுதிர்காலத்தோடு இருவரும் தீவை விட்டுக் கிளம்பிவிட்டார்கள்.