சுடச் சுடச் செய்தி

"வாத்தியாரய்யா, இப்பத்தானுங்க வந்துச்சு!" என்று அண்டை வீட்டு அன்பர் கைப்பேசியை நம் முகத்துக்கு நேரே நீட்டினார். முகம் தெரியாத கிழவர் ஒருவர் ஏதோ ஒரு தெருவில் நிற்கிறார். கீழே, "பிள்ளை பிடிக்கிறவன், உஷார்!" என்ற எச்சரிக்கை. எந்த ஊர், எந்த நாள், எழுதியவர் யார் என்று கேட்டோம். அன்பருக்குத் தெரியவில்லை. இப்பொழுதுதான் வந்தது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது!

வந்தது இப்பொழுதுதான், நடந்தது எப்பொழுது? நடந்ததுதானா? இதைக் கேட்க மறந்ததற்கு நம் தமிழ் நாடு கொடுத்த விலை அற்பமன்று. 2018-ஆம் வருஷம் மே மாதத்தில், குலதெய்வத்தைத் தரிசிக்கச் சென்னையிலிருந்து போளூர்ப் பக்கம் சென்ற ஒரு குடும்பத்தார், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். வாட்ஸப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களைச் சூழ்ந்து அடித்தது. 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார்.

அவ்வருஷம் ஜூலையில் வாட்ஸப் கம்பெனியார், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு விதிக்கப் போவதாக அறிவித்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அப்பொழுது ஒரு குழுவில் 256 பேர் இருக்கலாம். 5 குழுவென்றால் 1,280 பேர். பள்ளிக்கூடக் கணக்கு இவ்வளவுதான். மிச்சத்தை அந்த 1,280 பேரின் விவேகத்துக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

பிரான்ஸ் தேசத்தில் 'பீரியல்' என்று ஒரு சாதனம் தோன்றியது. தினம் ஒரு முறை, எதிர்பாராத வேளையில் அழைப்பு வரும். 2 நிமிஷத்துக்குள் முன்னும் பின்னும் உள்ள இரு காமிராக்களாலும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அலங்காரத்துக்கு அவகாசம் இல்லாவிட்டால் உண்மை தானே வெளிப்படும் என்பது அதன் சித்தாந்தம். தாமதமாக அனுப்பவும் அதில் இடமுண்டு என்பதால், நல்ல சட்டையை மாட்டிக் கொள்ளத் தடையில்லை! அது கிடக்கட்டும். அவசரம் ஒருவேளை வேஷத்தைக் கலைக்கலாம். உண்மையைக் கண்டுபிடித்துத் தருமா? வகுப்பில் முதலில் கை தூக்குகிற பையனின் விடை எப்பொழுதும் சரியாயிருப்பதில்லையே!

பருத்தி ஏலத்துக்கு வெளியூரார் வந்து போகும் ஊர் நமது மல்லசமுத்திரம். நாளைக்கு ஒரு கிழவர் நம் தெருக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தால் அவர் கதி என்னவாகும் என்று அன்பரைக் கேட்டோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. "மூணு குழுவுக்கு அனுப்பிட்டேனுங்களே!" என்றார். பிறகு அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து, "விசாரிக்காமல் அனுப்பிவிட்டேன்; நம்ப வேண்டாம்" என்று மூன்று குழுவுக்கும் எழுதினார். அன்று நாம் கண்ட செய்திகளில் அனுப்பியவருக்கு நிச்சயமாகத் தெரிந்த உண்மை அது ஒன்றுதான்.