புதிய வில்லாளர்க்கு உகந்த வில்

2023-ஆம் ஆண்டு ஹாங்சௌ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில், காம்பவுண்டு விற்போட்டிகள் ஐந்தினும் இந்தியரே பொற்பதக்கம் கொண்டனர். அவ்வெற்றி கண்டு வில்லெடுக்க விழையும் இளைஞர், ‘எவ்வகைக் கேம் சிறந்தது?’ என வினவுவர். வினா நன்றே, ஆயினும் அதற்கு முன் ஆராயத்தக்கது வேறொன்று உண்டென்பது எம் கருத்து.

அமெரிக்கராகிய ஆலன் என்பார் 1969-இல் உரிமைப்பட்டயம் பெற்ற இவ்வில்லின் நுனிகளில் உருளைகள் உள. அவற்றுள் கேம் எனப்படுவது மையம் விலகிய வடிவினது. ஆதலின் நாணை இழுக்குங்கால் சுமை முதலில் ஏறிப் பின் பெரிதும் தணியும். 40 பவுண்டு வில்லில் 80 விழுக்காடு தணியுமாயின், குறி பார்த்து நிற்குங்கால் கை தாங்குவது 8 பவுண்டே.

ஒற்றைக் கேம் வில்லில், கீழே கேமும் மேலே வட்ட உருளையும் இருத்தலின், இரண்டு கேம்களை ஒருங்கு சுழலச் செய்யும் தொல்லை இல்லை. இரட்டைக் கேம் வில்லிலோ வடமொன்று நெகிழினும் அவ்வொருமை பிறழும். ஹைபிரிட், பைனரி என்னும் வகைகள், கேம்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்துமாறு வடத்தாற் பிணித்து அப்பிறழ்ச்சியைக் குறைப்பன.

எனினும் தொடக்கநிலையில் வகையினும் வடிவமே முதன்மையுடையது. விரைவுக்கென வடித்த கேம் சுமையைத் திடுமென ஏற்றித் திடுமென இறக்கும். கை சிறிது தளரினும் நாண் முன்னோக்கி ஈர்க்கும். பழகாத தோள் அதனோடு போராடுங்கால் நிலை பிழைக்கும். பிழைத்த நிலையே பழக்கமாகும். தோள் நொந்தபின் வில் மூலையிற் கிடக்கும்.

‘விரைவு வேண்டாவோ?’ எனின், வேண்டும், ஆனால் பின்னர். உலகப் போட்டிகளின் திறந்தவெளிக் களத்தில் காம்பவுண்டு வில்லுக்குரிய இலக்கு 50 மீட்டர் தொலைவில் அசையாது நிற்பது. ஆங்கு வெல்வது, ஒரே நிலையில் மீண்டும் மீண்டும் எய்யவல்ல கையே.

ஆதலின், முதல் வில் வாங்குவோர் ஆசிரியர் முன்னிலையில் மூன்றனைச் சோதிக்க: வில்லை வானோக்கி உயர்த்தாது நேரே இழுக்க இயலுமா? இழுத்த நாணை எய்யாது மெல்ல மீட்க இயலுமா? கேமின்மேலுள்ள சிறு தகட்டை நகர்த்தியே இழுப்பின் நீளத்தைத் தம் உடலுக்கேற்ப மாற்ற இயலுமா? இம்மூன்றும் இயலுமாயின் கேம் ஒன்றாயினும் இரண்டாயினும் அவ்வில்லே கொள்ளத்தக்கது. இயலாதாயின் அதன் விரைவு கருதி மயங்கற்க.