‘ஒன்றுமில்லை’ என்று சொன்ன ஒற்றன்

இலக்கியம் பேசுவதற்கென்று கூடியிருக்கும் இவ்விடத்தில் கணினிப் பாதுகாப்பைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், செய்தி கொணர்பவன் யார், அதைக் கேட்பவன் யார், கேட்டதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பன பற்றியெல்லாம் நம் பொருட்பால் நெடுங்காலத்துக்கு முன்பே பேசியிருக்கிறது. 2017-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெருந்திருட்டைப் பற்றி அந்நாட்டு நாடாளுமன்றக் குழுக்கள் வெளியிட்ட அறிக்கைகளைப் படித்தபோது, திருக்குறளின் 59-ஆம் அதிகாரமாகிய ‘ஒற்றாடல்’ பகுதிக்கு யாரோ நீண்டதோர் உரை எழுதியிருப்பது போலவே எனக்குத் தோன்றிற்று. அதனால்தான் இக்கட்டுரை.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நிறுவனங்களின் வலைப்பின்னலைக் காப்பதில் இரண்டு வேலைகள் முதன்மையானவை. ஒன்று, ஓட்டை தேடுவது. இதற்கென உள்ள ஸ்கேனர் மென்பொருள்கள் ஒவ்வொரு கணினியின் வாயில்களையும் தட்டிப் பார்க்கும். ‘போர்ட்’ எனப்படும் இவ்வாயில்களின் எண் 65,535 வரை செல்லும். திறக்கும் கதவுக்குப் பின்னால் இருப்பது எந்த மென்பொருள், அதன் எந்தப் பதிப்பு என்று விசாரித்து, ஏற்கெனவே அறியப்பட்ட ஓட்டைகளின் பட்டியலோடு ஒப்பிட்டு அறிக்கை தரும். அப்பட்டியல் சி.வி.இ. என்ற பெயரில் 1999 முதல் தொகுக்கப்பட்டு வருகிறது. 2024 என்ற ஓராண்டில் மட்டும் அதில் 40,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. மற்றொரு வேலை, கண்காணிப்பு. வலைப்பின்னலுக்குள் வருவதையும் வெளியே போவதையும் இரவும் பகலும் பார்த்திருந்து, வழக்கத்துக்கு மாறானது தென்பட்டால் குரல் கொடுப்பது. முன்னது மதிலைச் சுற்றிவந்து விரிசல் பார்ப்பவன் பணி. பின்னது வாயிற்காவலன் பணி.

அட்லாண்டா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் இவ்விருவரும் இருந்தார்கள். மக்களின் கடன் வரலாற்றைத் தொகுத்து வங்கிகளுக்கு விற்பது அந்நிறுவனத்தின் தொழில். நம் நாட்டில் சிபில் மதிப்பெண் என்று வீட்டுக்கடன் கேட்போரெல்லாம் அறிந்திருக்கும் அதே வகை வாணிகம். இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கடையை நம்பி வாடிக்கையாளர் தம் விவரங்களைத் தருவது போன்றதன்று இது. ஈக்விஃபேக்ஸ் தம்மைப் பற்றி எழுதி வைத்திருக்கிறது என்பதையே அறியாத கோடிக்கணக்கானோரின் பெயரும் பிறந்த நாளும் சமூகக் காப்பீட்டு எண்ணும் அங்கே கிடந்தன. விலகிக்கொள்ளும் உரிமை அவர்களில் எவருக்கும் இருந்ததில்லை.

2017 மார்ச் 7 அன்று, ‘அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்’ என்ற மென்பொருளில் ஒரு கடுமையான ஓட்டை இருப்பதும், அதை அடைக்கும் ஒட்டும் ஒருங்கே வெளியிடப்பட்டன. (பேட்ச் என்று அத்துறையினர் சொல்வதைத்தான் ஒட்டு என்கிறேன், கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டுக்கும் இதற்கும் பொருளில் வேறுபாடில்லை.) மறுநாள் அமெரிக்க அரசின் எச்சரிக்கை வந்தது. அதற்கு மறுநாள், 48 மணி நேரத்துக்குள் ஒட்டுப் போடுமாறு ஈக்விஃபேக்ஸுக்குள் நானூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மின்னஞ்சல் சென்றது. மார்ச் 15-இல் ஸ்கேனரை ஓடவிட்டார்கள். அது தேடிவிட்டு, பாதிக்கப்பட்ட கணினி எதுவும் இல்லை என்றது.

இருந்தது. நுகர்வோர் புகார்களுக்கென 1970-களில் உருவாக்கப்பட்ட பழைய அமைப்பொன்று இணையத்தை நோக்கித் திறந்திருந்தது. அதில் அந்த ஸ்ட்ரட்ஸ் இருந்தது. ஸ்கேனர் மேல் அடைவில் மட்டும் பார்த்தது, மென்பொருளோ அதற்குக் கீழுள்ள துணை அடைவில் கிடந்தது என்று பின்னர் தெரியவந்தது. திண்ணையை மட்டும் பார்த்துவிட்டு வீடு காலி என்று சொன்ன கதை. அங்கே ஸ்ட்ரட்ஸ் இருப்பதை அறிந்த நிரலாளருக்கோ அந்த மின்னஞ்சல் போகவே இல்லை. பெறுநர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

மே 13-இல் திருடர்கள் நுழைந்தார்கள். ஜூலை 30 வரை உள்ளே இருந்தார்கள். ஒரு கோப்பில் மறையாக்கம் செய்யாமல் எழுதி வைத்திருந்த கடவுச்சொற்களை எடுத்துக்கொண்டு, அந்த அமைப்போடு தொடர்பே இல்லாத 48 தரவுத்தளங்களுக்குள் சென்றார்கள். ஏறத்தாழ 9,000 முறை வினவி, 265 முறை தனிமனித விவரங்களை அள்ளினார்கள். கடைசிக் கணக்கில் பாதிக்கப்பட்டோர் சுமார் 14.7 கோடிப் பேர்.

வாயிற்காவலன் என்ன செய்துகொண்டிருந்தான்? இந்தப் பகுதிதான் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது. இணையப் போக்குவரத்து இன்று பெரும்பாலும் மூடிய உறைக்குள்தான் செல்கிறது. அவ்வுறையைப் பிரித்துப் பார்க்கக் கண்காணிப்புக் கருவிக்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். அதற்குக் காலாவதித் தேதி உண்டு. அந்த அமைப்பைக் கண்காணித்த கருவியின் சான்றிதழ் 2016 ஜனவரியிலேயே காலாவதியாகிவிட்டது. கருவி நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. உறைகளைப் பிரிக்காமல் அப்படியே போகவிட்டது. சான்றிதழைப் புதுப்பித்த நாள் 2017 ஜூலை 29. அன்றே ஐயத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது! பிரதிநிதிகள் அவைக் குழுவின் 2018 டிசம்பர் அறிக்கை, அந்நிறுவனத்தில் இவ்வாறு 300-க்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் காலாவதியாகிக் கிடந்தன என்கிறது.

நிற்க. வள்ளுவர் ஒற்றரை அரசனின் கண்களில் ஒன்றாகவே வைக்கிறார். ஆயினும் அக்கண் கண்டதையெல்லாம் அப்படியே நம்பச் சொல்லவில்லை. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாதவாறு அவர்களை ஆளவேண்டும். மூவர் சொல்லும் ஒத்தால் தெளியலாம் என்கிறார். மார்ச் 15-இல் கிடைத்த ‘ஒன்றுமில்லை’ என்ற விடையை மற்றொரு கருவியாலோ, அமைப்பை நடத்துவோரை நேரில் கேட்டோ யாரேனும் சரிபார்த்திருந்தால், திருடர்கள் வருவதற்கு இரண்டு மாதங்கள் எஞ்சியிருந்தன. தம் வினை செய்வோர், சுற்றத்தார், பகைவர் என எவரையும் விடாமல் ஆராய்வதே ஒற்று என்பதும் அதே அதிகாரத்தில் வருகிறது. பகைவனை மட்டும் பார்ப்பது பாதி வேலை. தன் வீட்டில் என்னென்ன இருக்கின்றன என்று தெரிந்திருப்பது மீதி. ஈக்விஃபேக்ஸிடம் தன் கணினிகளையும் மென்பொருள்களையும் பற்றிய முழுமையான பட்டியல் இருக்கவில்லை என்று 2019 மார்ச்சில் செனட் துணைக்குழு எழுதியது. எத்தனை அறைகள் என்று தெரியாதவன் எல்லா அறைகளையும் பூட்டிவிட்டேன் என்று எங்ஙனம் சொல்வான்?

அந்நிறுவனம் ஏதுமறியாமல் இருந்ததும் இல்லை. 2015-இலேயே அதன் உள்தணிக்கை, அடைக்கப்படாமல் கிடந்த 8,500-க்கும் மேற்பட்ட ஓட்டைகளைச் சுட்டிக்காட்டியது. ஸ்கேனர் தன் பணியைச் செய்து பட்டியல் தந்திருக்கிறது. ஒற்றன் கொணர்ந்ததன் பொருளைத் தெரிந்துகொள்ளாத மன்னனுக்கு வெற்றி இல்லை என்ற குறளை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

2017 அக்டோபர் 3 அன்று, பதவி விலகியிருந்த தலைவர் ரிச்சர்ட் ஸ்மித் நாடாளுமன்றக் குழுமுன் சாட்சியம் அளித்தபோது, செய்தியைக் கடத்த வேண்டிய தனிமனிதர் ஒருவர் அதைச் செய்யவில்லை என்றார். முந்திய நாள்தான் ஒரு மூத்த அலுவலர், அந்த மின்னஞ்சலை மற்றவர்க்கு அனுப்பவில்லை என்ற காரணத்துக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தார். அப்படி அனுப்பும்படி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்று அவைக் குழுவின் அறிக்கை குறிப்பிடுகிறது. பெரிய நிறுவனங்களில் பிழை கீழ்நோக்கியே ஒழுகும் போலும். 2020 பிப்ரவரியில் சீன இராணுவத்தைச் சேர்ந்த நால்வர் மீது அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியதும், ஒரு நாட்டின் படைக்கு எதிரே ஒரு நிறுவனம் என்ன செய்ய முடியும் என்று பரிந்து பேசியோர் உண்டு. அந்தப் பரிவில் எனக்கு உடன்பாடில்லை. வந்தவர் யாராயினும், ஊரறிந்த ஓட்டை வழியாகத்தான் வந்தார்கள். அதை அடைக்கும் ஒட்டு இரண்டு மாதங்களாக இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

ஒற்றன் சரியாகச் சொல்லியும் கேட்பாரற்றுப் போன கதையும் உண்டு. அது நம் பக்கத்து ஊரைத் தொட்டுச் செல்கிறது. அமெரிக்கப் பல்பொருள் அங்காடி நிறுவனமாகிய டார்கெட், தன் வலைப்பின்னலைப் பெங்களூரிலிருந்து கண்காணித்து வந்தது. 2013 நவம்பர் 30 அன்று பெங்களூர்க் குழுவினர் எச்சரிக்கையைக் கண்டு மினியாபொலிஸில் இருந்த தலைமையகத்துக்கு அறிவித்தார்கள் என்று புளூம்பெர்க் பிசினஸ்வீக் இதழ் 2014 மார்ச்சில் எழுதியது. தலைமையகம் அசையவில்லை. 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் போயின. அந்த இளைஞர்களின் பெயர்கள் எங்கும் வரவில்லை. கடல் கடந்து தாழ்ந்த படிநிலையிலிருந்து வரும் குரலுக்கு எவ்வளவு எடை தரப்படும் என்பது கணினி தீர்க்கும் வினா அன்று.

இழந்தோர்க்கு என்ன கிடைத்தது? 2019 ஜூலை உடன்பாட்டின்படி ஈக்விஃபேக்ஸ் குறைந்தது 57.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இலவசக் கடன் கண்காணிப்பு வேண்டாதவர்கள் 125 டாலர் வரை பணமாகக் கேட்கலாம் என்றார்கள். அதற்கென ஒதுக்கியதோ 3.1 கோடி டாலர்தான். விண்ணப்பங்கள் குவிந்ததும், பணம் மிகக் குறைவாகவே கிடைக்கும், கண்காணிப்பையே தேர்ந்துகொள்ளுங்கள் என்று அரசு வணிக ஆணையமே மக்களுக்கு அறிவுரை கூறியது. நிறுவனம் செய்யத் தவறிய காவலை, பறிகொடுத்தவன் தன் வீட்டு வாயிலில் நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, ஊடுருவல்களை ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாட்கள் காக்க வேண்டும் என்கிறது. நல்ல ஆணைதான். காத்து வைத்ததை ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதுதான் கடினம். அதற்கு ஆள் வேண்டும், அவர் சொன்னால் கேட்கும் மேலாளர் வேண்டும். எங்களைப் போன்ற கல்லூரிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மாணவரின் ஆதார் எண், சாதிச் சான்று, உதவித்தொகை வரும் வங்கிக்கணக்கு என யாவும் எங்களிடம் உள்ளன. சேர்க்கைக்கு ஒரு மென்பொருள், தேர்வுக்கு ஒன்று, விடுதிக்கு முன்னாள் மாணவர் யாரோ எழுதிக் கொடுத்த ஒன்று. பாதுகாப்புத் தணிக்கை என்றால், ஏதேனும் ஒரு நிறுவனத்திடம் ஸ்கேன் செய்யச் சொல்லி, அறிக்கையை வண்ண அட்டை போட்டுக் கோப்பில் சேர்த்துவிடுகிறோம். அந்த ஸ்கேனருக்குக் கொடுத்த பட்டியலில் விடுதிக் கணினி இருந்ததா என்று எவரும் கேட்பதில்லை. அப்பட்டியலை எழுதி முடிக்க ஓர் எழுத்தரும் ஒரு நோட்டும் இரண்டு வார காலமும் போதும். டெண்டர் கோர வேண்டிய வேலை அன்று.