பிரிண்டர் விலை மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுக்கு எந்தப் பிரிண்டர் வாங்கலாம் என்ற உங்கள் கட்டுரை, விலையை ஒப்பிட்டதோடு நின்றுவிட்டது. மாதத்துக்கு எத்தனை பக்கம் எடுப்போம் என்றல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

எங்கள் சித்தூர் வீட்டில் பிரிண்டருக்கு வேலை வைப்பதே திருமலைக்குப் போகும் உறவினர்கள்தான். 300 ரூபாய் தரிசன டிக்கெட், ஆதார் நகல், அவ்வளவே. அதற்கென்று மலிவாகக் கிடைத்த இங்க்ஜெட் ஒன்றை வாங்கினோம். சும்மா கிடந்ததில், இந்த ஊர் வெயிலுக்கு மை முனையிலேயே காய்ந்துவிட்டது. 'ஹெட் கிளீனிங்' கொடுத்தால் அடைப்பு நீங்குகிறதோ இல்லையோ, மை மட்டும் குறைகிறது. டிக்கெட்டில் பெயர் தெரிகிறது. பார்கோடு வெளிறிப்போய் வருகிறது. புது கார்ட்ரிட்ஜ் விலையைக் கேட்டால் தலை சுற்றும். இப்போது உறவினர்கள் திருப்பதியில் இறங்கி ஜெராக்ஸ் கடையைத் தேடுகிறார்கள்.

எப்போதாவது எடுப்பவர்களுக்குக் கறுப்பு வெள்ளை லேசரே மேல். டோனர் பொடி காயாது. பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்கு அடிக்கடி வண்ணத்தில் எடுப்பவர்கள் இங்க் டேங்க் வாங்கலாம். லேசர் வாங்கினாலும், கறுப்பு டோனர் பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கை அப்படியே நம்ப முடியாது; அது தாளில் சுமார் 5 சதவீதம் மட்டுமே எழுத்து இருக்கும் என்று வைத்துச் சொல்வதுதான்.

அடுத்த முறை பிரிண்டர் விலைக்குப் பக்கத்திலேயே கார்ட்ரிட்ஜ் அல்லது டோனர் விலையையும், ஒரு பக்கத்துக்கு ஆகும் செலவையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சித்தூர்