மாதம் தவறாமல் வலிக்கும் தழும்பு

பிள்ளை பெற்று நாலு வருஷம் ஆகிறது. சிசேரியன் ஆபரேஷன் காயம் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் தழும்பின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. மாதவிலக்கு வந்தால் அது வீங்குகிறது. வலி உயிரை வாங்குகிறது. விலக்கு முடிந்ததும் வலி போய்விடுகிறது. அடுத்த மாதம் மறுபடியும் வருகிறது!

செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு பெண்ணுக்கு இப்படி வந்தால் என்ன நடக்கும்? "தையல் வலிதான். போகப் போகச் சரியாகிவிடும்" என்பாள் மாமியார். "பச்சை உடம்போடு மல்லாட்டை பிடுங்கப் போனாயே, அதன் வினை" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. கணவனிடம் சொல்லக் கூச்சம். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவாள்.

மாமியார் சொன்னதும் தவறு. பக்கத்து வீட்டுக்காரி சொன்னதும் தவறு. வேலை செய்ததால் இது வருவதில்லை. அந்தப் பெண்ணின் மீது எந்தக் குற்றமும் இல்லை.

என்ன நோய்?

கருப்பையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. மாதந்தோறும் அது தடித்து, பிறகு உதிர்ந்து, ரத்தத்தோடு வெளியேறுகிறது. ஆபரேஷனில் கருப்பையைத் திறக்கும்போது, இந்தச் சவ்வின் துணுக்குகள் வயிற்றுக் காயத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிய இடத்திலும் அவை பழைய வழக்கத்தை விடுவதில்லை. மாதந்தோறும் அங்கேயே ரத்தம் கசிகிறது. வெளியேற வழி ஏது? கட்டியாகிறது. இதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். ஜெர்மன் டாக்டர் ராபர்ட் மேயர் 1903-ம் ஆண்டிலேயே வயிற்றுத் தழும்பில் இதைக் கண்டு எழுதிவிட்டார்.

நூறு சிசேரியனில் ஒன்றுக்குக்கூட இது வருவதில்லை. அதற்காக அலட்சியம் செய்யலாமா? தமிழ்நாட்டில் 2015-16-ல் நூறு பிரசவத்துக்கு 34 சிசேரியன். 2019-21-ல் அது 45 ஆகிவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வு தரும் கணக்கு இது. ஆபரேஷன் பெருகினால் இந்தக் கட்டிக்காரர்களும் பெருகத்தானே செய்வார்கள்?

டாக்டர்களே சில சமயம் இதைக் குடல் இறக்கம் என்றோ, தையல் நூல் கட்டி என்றோ நினைத்துவிடுவது உண்டு. பெண்கள் வலி நின்ற பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதும் இதற்கு ஒரு காரணம். "விலக்கு நாளில் எப்படிப் போவது?" என்று கூசுகிறார்கள். அன்றுதான் போக வேண்டும்! கட்டி நன்றாகத் தெரிவது அன்றுதான். வீட்டுக் காலண்டரில் பால் கணக்கு எழுதுகிறோம், சீட்டுத் தேதி குறிக்கிறோம். வலித்த நாளையும் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

தீர்வு உண்டு

மாத்திரை சாப்பிடும் வரையில் வலி அடங்கும். நிறுத்தினால் திரும்பும். கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதையிலும் ஒரு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டி எடுப்பதே சரியான வைத்தியம். வயிற்றுச் சுவரில் பள்ளம் விழுந்தால் வலை வைத்துத் தைப்பார்கள். முழுவதும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராது.

மிக அபூர்வமாக இந்தக் கட்டி புற்றுநோயாக மாறுவதும் உண்டு. அதனால் எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்புவார்கள். அதன் முடிவு என்ன என்று வீட்டார் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டியை எடுத்தாகிவிட்டதே என்று அதை வாங்காமல் வந்துவிடக் கூடாது.