காலில்லாத மனிதர்கள்

ஆகஸ்ட் 7 நெருங்கினாலே எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. தேசியக் கைத்தறி நாள். 1905-இல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கிய தேதி என்பதால் அந்த நாளைத் தேர்ந்தெடுத்து 2015-இலிருந்து கொண்டாடுகிறார்கள். முதல் விழாவே சென்னையில்தான் நடந்தது. நாளின் மேல் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அன்று பத்திரிகைகளில் வருகிற படங்களோடுதான் தகராறு.

எந்த ஊர்ப் படமாக இருந்தாலும் ஒரே மாதிரிதான். புதுச் சட்டை போட்ட நெசவாளி தறியில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பி கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். கையில் நாடா. கயிற்றைச் சுண்டினால் தானாக ஓடுகிற நாடாவை அவர் எதற்குக் கையில் தூக்கிப் பிடிக்க வேண்டும்? போட்டோ எடுக்க வந்தவர் சொல்லியிருப்பார். இடது கை பலகையின் மேல் சும்மா கிடக்கிறது. முதுகு நிமிர்ந்திருக்கிறது. ஆரணியில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் அந்த முதுகைப் பார்த்தால் தெரியும், தறி ஓடவில்லை என்று. எங்கள் ஊர்ப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. நெய்கிறவருக்கு நெய்கிறபடியே ஒரு படம் கிடைக்கவில்லை.

இந்த விழா பற்றி முழுப் பத்தியும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நெசவாளர் கூலி, ஜரிகை விலை, பவர்லூம் சேலைக்குக் கைத்தறி லேபிள் ஒட்டும் கதை எல்லாம் கைவசம் இருக்கின்றன. ஆனால் முதுகைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இனி அதிலிருந்து மீள முடியாது.

முதுகைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று கேட்பவர்கள் சமீபத்தில்தான் இந்தப் பக்கத்துக்கு வந்தவர்களாக இருக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டிய வயதில் நோட்டும் பென்சிலும் வாங்கி மனித உருவம் வரையப் போகிறேன் என்று நான் அறிவித்ததைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘இன்னுமா வரைகிறீர்கள்?’ என்று ஒருவர் இந்த வாரம் கடிதம் போட்டிருக்கிறார். வரைகிறேன் ஐயா. தினமும்.

எப்படி விடாமல் இருக்கிறீர்கள் என்பது அவருடைய அடுத்த கேள்வி. அதற்கு முன், ஏன் இத்தனை வயதில் ஆரம்பிக்க வேண்டி வந்தது என்ற என் நிரந்தரப் புலம்பலைக் கேட்டுவிடுங்கள். பள்ளியில் வாரத்துக்கு ஒரு ஓவிய பீரியட் இருந்தது. கால அட்டவணையில். அந்த நேரம் கணக்கு வாத்தியாருக்குச் சொந்தம். தப்பித் தவறி நடந்த வகுப்புகளில் இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னை. அந்த ஊரில் ஆளே இல்லை. பின்னால், 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல் முதலானவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், அப்போது மாதம் ஐயாயிரம் ரூபாய். நிரந்தரமாக்கு என்று அவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். மூன்று அரை நாளில் ஒரு பிள்ளைக்கு மனிதக் கை எப்படித் தோளிலிருந்து தொங்குகிறது என்று யார் சொல்லித் தருவது? பத்தாம் வகுப்பு முடித்த எந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு, நிற்கிற ஓர் ஆளை வரையச் சொல்லிப் பாருங்கள். வட்டம், அதன் கீழ் ஒரு டப்பா, டப்பாவிலிருந்து நாலு குச்சி. அதையேதான் நானும் வரைந்தேன்.

என்னை அந்த டப்பாவிலிருந்து வெளியே இழுத்தது ஒரு புத்தகம். கிமோன் நிக்கோலாய்டிஸ் எழுதிய ‘தி நேச்சுரல் வே டு டிரா’. நியூயார்க்கில் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் என்ற கலைப்பள்ளியில் பாடம் நடத்தியவர். முதல் உலகப் போரில் பிரான்சில் படைகளை எதிரி கண்ணில் படாமல் மறைக்கும் ஓவிய வேலை பார்த்தவர். 1938-இல் இறந்துபோனார். புத்தகம் 1941-இல்தான் வெளிவந்தது. சென்னையில் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த பிரதி ஒன்று கிடைத்தது. அது படிக்கிற புத்தகம் இல்லை, வேலை வாங்குகிற புத்தகம். ஒவ்வோர் அட்டவணைக்கும் பதினைந்து மணி நேரப் பயிற்சி, அதாவது நாளுக்கு மூன்று மணி வீதம் ஐந்து நாள். இதை முடிக்காமல் அடுத்ததற்குப் போகாதே என்று கண்டிப்பு வேறு. மனுஷன் ஆரணியில் குடியிருந்ததில்லை என்று தெரிகிறது. கரண்ட் ஆபீஸ், ரேஷன் கடை, கல்யாணம், காதுகுத்து இவற்றுக்கு நடுவே மூன்று மணி நேரத்துக்கு எங்கே போவது? நான் அரை மணி நேரம்தான் தருகிறேன். அவர் ஆவி மன்னிக்கட்டும்.

அந்தப் புத்தகத்தில் இரண்டு பயிற்சிகள் எதிரும் புதிருமாக இருக்கும். ஒன்றில் கண்ணைத் தாளின் பக்கம் திருப்பவே கூடாது. எதிரே இருக்கிற உடம்பின் விளிம்பைப் பென்சில் முனை தொட்டுக்கொண்டே போவதாக நினைத்துக்கொண்டு, எறும்பு வேகத்தில் கோடு இழுக்க வேண்டும். இன்னொன்றில் ஒரு நிமிடத்துக்குள், விளிம்பைப் பற்றிய கவலையே இல்லாமல், அந்த உடம்பு என்ன செய்கிறதோ அதைக் கிறுக்கித் தள்ள வேண்டும். சாய்கிறதா, இழுக்கிறதா, தூக்குகிறதா? மூக்கு, கண், பொத்தான் எதுவும் வேண்டாம். முதலில் படித்தபோது விளையாட்டாக இருந்தது. பிறகுதான் அதிலுள்ள தந்திரம் பிடிபட்டது. புதிதாக வரைகிறவன் தினமும் தன்னைக் கேட்டுக்கொள்கிற கேள்வி, ‘நன்றாக வந்திருக்கிறதா?’ பதில் தினமும் ‘இல்லை’. பத்து நாள் தொடர்ந்து இல்லை என்று கேட்டால் எவனும் நோட்டை மூடி வைத்துவிடுவான். நிக்கோலாய்டிஸ் அந்தக் கேள்வியையே பிடுங்கிக்கொள்கிறார். ‘அந்த ஆள் என்ன செய்கிறான்?’ என்று பார் என்கிறார். இதற்குத் தினமும் ஏதோ ஒரு பதில் கிடைத்துவிடுகிறது.

எனக்கு அந்த ஆள் எதிர்வீட்டில் கிடைத்தார். குழித்தறி போட்டிருக்கிறார். காலையில் காபி குடித்த கையோடு போய்த் திண்ணையோரம் உட்கார்ந்துவிடுவேன். கலைக் கல்லூரிகளில் மாடல் அசையாமல் நிற்பார். மாணவர்கள் சுற்றி நின்று வரைவார்கள். தறியில் இருப்பவர் ஒரு நொடி நிற்க மாட்டார். இதை எப்படி வரைவது என்று முதலில் திகைப்பாகத்தான் இருந்தது. ஆனால் தறியில் ஒரு சௌகரியம் உண்டு. போன அசைவு திரும்பி வரும். வலது கை கயிற்றைச் சுண்டுகிறது, நாடா பாய்கிறது, இடது கை பலகையை நெஞ்சுப் பக்கம் இழுத்து அடிக்கிறது. தோள் இறங்கி ஏறுகிறது. தவறவிட்டால் அடுத்த ஊடைக்கு அதே தோள் அதே இடத்துக்கு வந்துவிடும். முதல் சுற்றில் முதுகின் வளைவை எடுத்துக்கொள்ளலாம், அடுத்ததில் கழுத்து, அதற்கடுத்ததில் முழங்கை. நிற்கிற மாடலுக்கு அரை மணியில் கால் மரத்துப்போகும். என் மாடல் மதியம் வரை அதே போஸைத் திரும்பத் திரும்பத் தந்துகொண்டிருப்பார், சேலையும் நெய்தபடி.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. குழித்தறியில் உட்கார்ந்தவருக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் வெளியே தெரியாது. கால் பள்ளத்துக்குள். என் நோட்டு முழுக்க அரை ஆட்கள். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்த என் அண்ணி, “இன்னாது இது, ஒருத்தருக்கும் காலே இல்ல? பேயப் புடிச்சு வரையறியா?” என்றார். பேய்க்குக் கால் கிடையாது என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்த உடற்கூறியல்.

கால் இல்லாத குறையைத் தறிக்காரரே தீர்த்துவைத்தார். ஒருநாள் நோட்டை வாங்கிப் பார்த்து, ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். “சார், இது வெறும் புடவ ஓட்டம். இதுல நான் ஜக்கார்டு மிதிக்கல.” எப்படித் தெரியும் என்றேன். “தோள் சமமா இருக்கே.”

அப்புறம் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே கண்ணில் பட்டது. மேலே இருக்கிற, பூ விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியின் கனம் முழுவதும் அந்த ஒரு மிதிக்கட்டையில் இருக்கிறது. அதை அழுத்தும்போது அந்தப் பக்க இடுப்பு உட்காரும் பலகையை விட்டு லேசாக எழும்புகிறது. உடம்பு விழுந்துவிடாமல் இருக்க எதிர்த்தோள் தாழ்கிறது. பின்கழுத்தில் ஒரு நரம்பு புடைக்கிறது. முந்தியில் பூ விழுகிற இடத்திலெல்லாம் இந்தச் சாய்வு உண்டு. சேலையின் வெறும் உடலை நெய்யும்போது இல்லை. கால் தெரியாமலே கால் என்ன செய்கிறது என்று தோள் சொல்லிக்கொண்டிருக்கிறது. அன்று வரைந்த படத்தை அண்ணியிடம் காட்டினேன். “இவன் எதையோ ஓங்கி மிதிக்கறான்” என்றார். நான் வாங்கிய பெரிய விருது அதுதான்.

இதே சாய்வைச் சிலையிலும் பார்க்கலாம். சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலை 1959-இலிருந்து நிற்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. அந்தப் பக்கமாகப் போனால் முகங்களை விட்டுவிட்டு, நாலு பேரும் பாறையைப் புரட்டும்போது எந்தக் காலில் கனம் இறங்குகிறது, அதற்கு முதுகு எப்படிப் பதில் சொல்கிறது என்று பாருங்கள். கல்லூரிக் காவலாளியையும் ஒரு மாணவரையும் நிறுத்தி வைத்து அதைச் செய்தார் என்று சொல்வார்கள். தினமும் வாசலில் பார்த்துக்கொண்டிருந்த ஆளிடமே அவருக்கு வேண்டிய உடம்பு இருந்திருக்கிறது.

விடாமல் இருப்பது எப்படி என்று கேட்ட வாசகருக்கு இப்போது வருகிறேன். வைராக்கியம் என்னிடம் இல்லை. நடைப்பயிற்சி, யோகா, இந்தி எல்லாவற்றையும் ஆரம்பித்துக் கைவிட்டவன் நான் என்பதற்கு இந்தப் பத்தியின் பழைய இதழ்களே சாட்சி. வரைதல் மட்டும் நிலைத்ததற்குக் காரணம், ஊரிலுள்ள எல்லாவற்றையும் வரைய நான் ஆசைப்படாததுதான். ஒரே ஆள், ஒரே வேலை. ஓவியர் கே.எம். ஆதிமூலம் 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியையே திரும்பத் திரும்பக் கோட்டில் வரைந்தார். குழந்தைக்கும் தெரிந்த அந்த உருவத்தில் அவருக்குக் கோடு தீரவே இல்லை. அவர் எங்கே, நான் எங்கே. ஆனாலும் நம்மைப் போன்ற கற்றுக்குட்டிக்கும் வழி அதுதான் என்று நினைக்கிறேன். இன்று எதை வரையலாம் என்று யோசிக்க உட்கார்ந்தாலே பாதி நாள் போய்விடும். எனக்கு அந்த யோசனை கிடையாது. தறிச் சத்தம் கேட்டால் போக வேண்டியதுதான்.

இன்னொன்று, தறிக்கு விடுமுறை உண்டு. எங்கள் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்று நானும் பென்சிலைத் தொடுவதில்லை. ஒருநாள் விட்டால் எல்லாம் போயிற்று என்கிற பயம் எனக்கு இல்லாமல் போனது அதனால்தான். பாவு தீர்ந்துபோனால் புதுப் பாவைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திரிக்க வேண்டும். பிணைக்கிறவர் வந்து உட்கார்ந்து ஆயிரக்கணக்கான இழைகளை விரல் நுனியில் உருட்டிக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் கிறுக்கலுக்கு வேலை இல்லை. நிக்கோலாய்டிஸின் எறும்பு வேகக் கோட்டை எடுத்துவிடுவேன். தாளைப் பார்க்காமல், கட்டைவிரல் நகத்தில் தொடங்கி ஆள்காட்டி விரல் கணு வரை ஒரே கோடு. படம் கையாகவும் வரும், இஞ்சிக் கிழங்காகவும் வரும். அவர் கை எப்படி உருளுகிறது என்பது மட்டும் எனக்கு அப்புறம் மறப்பதில்லை.

ஆகவே வாசகரே, விலை உயர்ந்த நோட்டு வாங்காதீர்கள். அதில் கோடு போடவே மனசு வராது. ஒரு பக்கம் அச்சான பழைய தாள் போதும். உங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவரோ பரோட்டா அடிக்கிறவரோ இருப்பார். திரும்பத் திரும்ப ஒரே அசைவு செய்கிற யாராவது ஒருவர். அனுமதி கேட்டுக்கொண்டு உட்காருங்கள். வரைந்ததை அவரிடமே காட்டுங்கள். ஓவியம் தெரிந்தவர் கோட்டைக் குறை சொல்வார். வேலை தெரிந்தவர் உடம்பில் இருக்கிற பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார்.

என்னுடையதை அவர் இந்த வாரமும் கண்டுபிடித்தார். நோட்டைக் கடைசி வரை புரட்டிவிட்டு, “எல்லாம் நானே இருக்கேன். இவ எங்க?” என்று கேட்டார். சுவரோரம் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்த மனைவியைத்தான் சொன்னார். “இவ சுத்திக் குடுக்கலன்னா நாடாவுல இன்னாத்தப் போட்டு ஓட்டறது?” மனைவியோ, “என்னையா? சும்மா இருங்கண்ணா, தலைகூட வாரல” என்று என்னிடம் வெட்கப்பட்டு, வேலையை நிறுத்தாமல் முந்தானையை மட்டும் சரிசெய்துகொண்டார். வரையலாம் என்று அர்த்தம்.

அவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கால் மடக்கி, இன்னொரு கால் நீட்டி. நீட்டிய கால் நேரே என் முகத்தைப் பார்த்து வருகிறது. உள்ளங்கால் முறம் அளவுக்குத் தெரிகிறது. முழங்கால் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது. தொடை இருக்கிற இடமே தெரியவில்லை. முதல் படத்தில் கால் ஒரு செருப்பு மாதிரி இடுப்பில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதில் ராட்டையைவிடப் பெரிதாகிவிட்டது. இந்தப் பத்தியை அனுப்பிவிட்டு மூன்றாவதற்குப் போகிறேன்.